மழைக்கு முந்தின வேலை

உங்க காரோட மேல்துணியில, டிரைவர் உக்கார்ற பக்கம், தையல் விட்டிருக்கு துரை. என்னை உள்ளே கூட்டிட்டு வரும்போது கவனிச்சேன். இப்போதைக்கு விரல் நுழையற அளவுதான். ஆனா ஜொகூர்ல, இந்த ரெங்கம் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியாததில்ல. இந்த வாரம் பெய்யறது மழையே இல்ல, மழை சொல்லி அனுப்பின சேதி. மார்கழி பிறந்து அடைச்சுக்கிட்டுப் பெய்ய ஆரம்பிச்சா அந்த ஓட்டை கைக்குட்டை அகலம் ஆகிடும். கெட்டி ஊசியும் மெழுகு தடவின நூலும் இருந்தாப் போதும், யாரையாவது விட்டுத் தச்சுடுங்க. நானே தச்சுக் கொடுத்திருப்பேன். இனிமே அதுக்கு வழியில்ல.

நீங்க முன்ன ரப்பர் தோட்டத்துல சின்ன துரையா இருந்தப்ப தமிழ் கத்துக்கிட்டீங்கன்னு கான்ஸ்டபிள் சொன்னார். நல்லதாப் போச்சு. நடுவுல ஒரு துபாஷி இருந்தா நான் சொல்றது ஒண்ணு, எழுதறது ஒண்ணா ஆகிடும். எனக்கு எதையும் மறைக்கிற எண்ணம் கிடையாது. என் வேலையைப் பத்தி மட்டும் யாரும் தப்பா எழுதிடக் கூடாது.

என் பேரு அர்ச்சுனன். ஸ்டேஷன் ரோட்டுக் கோடியில தகரம் வேஞ்ச கார் பட்டறை என்னோடதுதான். சுத்து வட்டாரத் தோட்டங்கள்ல கணக்கு எழுதற கிராணிமார், வேலை வாங்கற கண்டக்டருங்க, வாடகைக் கார் ஓட்டறவங்க எல்லாரும் வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னாடி வண்டியை என்கிட்ட விட்டுடுவாங்க. மழைக்குத் தயார் பண்ணி வாங்கிட்டுப் போவாங்க. பெரிய வித்தை ஒண்ணும் இல்ல துரை. டயர் வழுக்கையாப் போயிருக்கான்னு பாக்கணும். வயரெல்லாம் காய வச்சுத் துடைச்சு, ஈரம் ஏறாம மெழுகு பூசணும். கண்ணாடியில வெட்டின உருளைக்கிழங்கைத் தேய்ச்சா மழைத்தண்ணி ஒட்டாம வழிஞ்சிடும். ஓடைத் தண்ணியில இறங்கி ஏறினா, பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் போகணும், பட்டை காயறதுக்கு. இதெல்லாம் யாரும் செய்யலாம். யாரும் செய்யறதில்ல. அதனால எனக்குப் பிழைப்பு நடந்துச்சு.

எங்க அப்பாவும் அம்மாவும் தோட்டத்து லயத்துல காய்ச்சல்ல போயிட்டாங்க. என் தங்கச்சி அங்கம்மா அப்ப என் இடுப்பு உயரம். நான் தோட்டத்து லாரியில கிளீனரா ஏறி, வேலை பழகி, பட்டறை வச்சு, அவளை வளத்தேன். அவ எனக்குச் சமைச்சா. ஸ்பேனரையெல்லாம் மண்ணெண்ணெயில கழுவி வரிசையா அடுக்கி வைப்பா. அவளை நான் ஒரு நாளும் கை நீட்டி அடிச்சதில்ல. ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

சின்னத்தம்பி விஷயத்தை நீங்க கேக்கல. ஆனா கேட்டது கேக்காதது எல்லாத்தையும் சொல்லிடறதுதான் முறை.

அவன் ரயில் ஸ்டேஷன்ல மூட்டை தூக்கிக்கிட்டு இருந்தவன். நல்ல பையன், அவன் மேல நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் சலவைச் சட்டை போட்டுக்கிட்டு, கையில வெத்தலை பாக்கோட பட்டறைக்கு வந்தான். நான் அப்ப பேட்டரிக்குத் திராவகம் கலந்துக்கிட்டு இருந்தேன். அதுல ஒரு விதி உண்டு துரை. தண்ணியில திராவகத்தைச் சொட்டுச் சொட்டா ஊத்தணும். திராவகத்துல தண்ணியை ஊத்தவே கூடாது. ஊத்தினாக் கொதிச்சு மேல அடிக்கும்.

"அண்ணே, அங்கம்மாவை எனக்குக் கட்டிக் கொடுங்க. ரயில்வே லயத்துல வீடு தர்றாங்க. நல்லா வச்சுப்பேன்" அப்படின்னான்.

அங்கம்மா கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தா. அவ நிக்கிற நிழல் தெரிஞ்சது. முன்கூட்டியே ரெண்டு பேரும் பேசி வச்சிருக்காங்கன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சது.

"அதுக்கென்னடா, பேசலாம். முதல்ல இந்த ஜாடியைக் குனிஞ்சு பாரு. நுரை வருதான்னு சொல்லு" அப்படின்னேன்.

அவன் குனிஞ்சான். நான் தண்ணியை ஊத்தினேன்.

ஒரு கண்ணு அன்னைக்கே போச்சு. மத்ததுல வெளிச்சம் மட்டும் தெரியும்னு பின்னால சொன்னாங்க. கன்னத்துத் தோல் மெழுகு உருகின மாதிரி ஆகிடுச்சு. நான்தான் அவனைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கை தவறிடுச்சுன்னேன், எல்லாரும் நம்பினாங்க. அவனே நம்பினான். "அண்ணன் மேல தப்பில்ல"ன்னு கட்டுப் போட்ட மூஞ்சியோட சொன்னான். அப்புறம் சாஆங்கிற ஊர்ல இருக்கிற அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டான். அங்கம்மா அந்தப் பேச்சை எடுக்கவே இல்ல. ரொம்ப நாள் சரியாச் சாப்பிடல, அவ்வளவுதான். சாப்பிடாதவளை உக்கார வச்சு ஊட்டி விட்டது நான்.

ஆனா ஒரு பொண்ணைக் காலத்துக்கும் வீட்டுல வச்சுக்க முடியாது. ஊர் பேசும். அதனால நானே மாப்பிள்ளை பாத்தேன். சபாபதின்னு ஒருத்தன், வாடகைக் கார் ஓட்டறவன். அப்பன் ஆத்தா கிடையாது. நாலு பக்கமும் தகரம் ஆடற, துணிக்கூரை போட்ட பழைய டூரிங் கார் ஒண்ணு அவனுக்கு இருந்துச்சு. பட்டறைக்குப் பின்னாடி இருக்கிற அறையிலயே இருந்துக்கலாம்னு சொன்னேன். தலையாட்டினான். அங்கம்மாவும் தலையாட்டினா. அவ அடுப்பு அதே இடத்துல எரிஞ்சது. எல்லாம் முன்ன மாதிரியே இருக்கும்னு நினைச்சேன்.

சபாபதி சிரிச்ச முகக்காரன். வண்டி ஓட்டும்போது பாட்டுப் பாடுவான். வண்டியைக் கவனிக்க மட்டும் தெரியாது. செம்மண் அப்பிக் கிடக்கும், கழுவ மாட்டான். டயர்ல துணி தெரியும், "இன்னும் ஓடும் மச்சான்"னு சொல்வான். அப்படிப்பட்டவனை நம்பி ஒரு பொண்ணு எப்படி வெளியூர் போறது? நான் கேக்கறது நியாயம்தானே துரை?

கல்யாணம் ஆன முதல் தீபாவளிக்கு அவளைக் குளுவாங்குல இருக்கிற அவன் அத்தை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னான். அங்கம்மா புதுச் சேலையை எடுத்துக் கட்டிக்கிட்டா. அந்த மாதிரிப் பழைய வண்டியில ஸ்டியரிங் பக்கத்துல ஸ்பார்க்குக்கு ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். இஞ்சினைக் கிளப்ப முன்பக்கம் ஹேண்டில் சுத்தறதுக்கு முன்னாடி அதைக் கீழே இறக்கி வைக்கணும். மறந்துட்டா இஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும், ஹேண்டில் திரும்பி வந்து சுத்தறவன் கையை அடிக்கும். அவன் எப்பவும் இறக்கித்தான் வைப்பான், அந்த ஒரு பழக்கம் அவன்கிட்ட நல்லதா இருந்துச்சு. அன்னைக்கு அவன் முன்பக்கம் போய்க் குனிஞ்ச பிறகு நான் உள்ளே கையை விட்டு அதை மேலே தள்ளினேன்.

எலும்பு உடையற சத்தம் காய்ஞ்ச குச்சியை ஒடிக்கிற மாதிரி இருக்கும்னு சொல்வாங்க. இது அப்படி இல்ல. ஈர மரம் பிளக்கிற மாதிரி இருந்துச்சு. அவன் மண்ணுல உருண்டு கத்தினான். அங்கம்மா புதுச் சேலையைக் கிழிச்சு அவன் கையைக் கட்டினா.

அவங்க எங்கேயும் போகல. கை சேர்ற வரைக்கும் அவ அவனுக்குச் சோறு ஊட்டி விட்டா. அந்தக் காட்சியைத் தினமும் பாக்க வேண்டி வரும்னு நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துல ஆளைக் குறைச்சு, கப்பல்ல ஊருக்கு அனுப்பினாங்களே, அந்தச் சமயத்துல வாடகைக் காருக்கும் சவாரி இல்லாமப் போச்சு. சபாபதிக்குத் தம்போய்ல மரக்கடை வச்சிருக்கிற சீன முதலாளி ஒரு தவுக்கேகிட்ட டிரைவர் வேலை கிடைச்சது. அதை அவன் எனக்குச் சொல்லல. அங்கம்மாதான் சொன்னா. எனக்குச் சோறு போட்டுக்கிட்டே, என் முகத்தைப் பாக்காம சொன்னா.

"தம்போய்க்குப் போறோம் அண்ணே. தவுக்கே வீடு தர்றாராம்."

"உன் வயித்துல புள்ளை. இந்த நேரத்துல யார் பாத்துப்பா?"

"அவரு பாத்துப்பாரு."

"உடைஞ்ச கையை வச்சுக்கிட்டா?"

அப்பத்தான் நிமிர்ந்து என்னைப் பாத்தா. "கையை உடைச்சது யாருன்னு நான் கேட்டதே இல்ல அண்ணே. இனியும் கேக்கல. எங்களை விட்டுடு. அது போதும்."

எனக்குக் கோவம் வரல. நீங்க நம்பணும், எனக்குக் கோவமே வர்றதில்ல. அவ புத்தியைக் கெடுத்தவன் ஒருத்தன் இருக்கான், அவன் இல்லாமப் போனா அவ பழையபடி ஆகிடுவான்னு தோணுச்சு. பழுதான ஒரு சாமான் வண்டி முழுசையும் கெடுக்கும் துரை. அதை மட்டும் கழட்டணும்.

மறுநாள் சபாபதிகிட்ட நானே போய்ச் சொன்னேன். "மாப்பிள்ளை, நீங்க போறது எனக்குச் சந்தோஷம்தான். ஆனா இந்த வண்டியில அடைமழையில அவ்வளவு தூரம் போக முடியாது. விட்டுட்டுப் போங்க, மழைக்குத் தயார் பண்ணித் தர்றேன். என் சீதனம்னு வச்சுக்குங்க."

அவன் கண்ணு கலங்கிடுச்சு. "உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் மச்சான்" அப்படின்னான்.

அந்த வண்டிக்கு நான் பாத்த வேலையை இந்த ஜொகூர்ல வேற எவனும் பாத்திருக்க மாட்டான். மேல்துணியைப் புதுசாத் தச்சேன். பக்கத்துத் திரைகளுக்குப் புதுப் பொத்தான் வச்சேன். ஸ்பிரிங்குகளுக்கு இடையில கிரீஸ் ஏத்தினேன். விளக்குக் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துலக்கினேன். பின் டயர் ரெண்டையும் மாத்திட்டேன். நல்ல வேலைதான் துரை, உங்க ஆளுங்களை விட்டு உடைஞ்ச வண்டியைப் பாக்கச் சொல்லுங்க. கடைசியா, பிரேக் பட்டையில எண்ணெயை ஊற விட்டேன். மிதிக்கட்டையில இருந்து போற கம்பியில, ஒரு ஆணி இருக்க வேண்டிய இடத்துல மெல்லிசுக் கம்பியைச் சுத்தி வச்சேன். ஊருக்குள்ள மெதுவாப் போறதுக்கு அது தாங்கும். இறக்கத்துல பலமா மிதிச்சா விட்டுடும்.

கணக்குப்படி அங்கம்மா அந்த வண்டியில போகக் கூடாது. செம்மண் ரோட்டுல வயித்துப் புள்ளையோட குலுங்கிப் போறது ஆபத்துன்னு நானே சொல்லி, சபாபதி சாமான்களோட முன்னாடி போறது, அவ பின்னால ரயில்ல போறதுன்னு முடிவாகியிருந்துச்சு. ஆனா கிளம்பற அன்னைக்குக் காலையில அவ டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வெளியே வந்தா. நேராப் போய் முன்சீட்டுல ஏறி உக்காந்துட்டா.

"ரயில்ல வரலையா?"ன்னு சபாபதி கேட்டான்.

"நீங்க போன பிறகு இங்க ஒரு நாள்கூட இருக்க மாட்டேன்" அப்படின்னா.

மெல்லிசாத் தூறிக்கிட்டு இருந்துச்சு. நான் கண்ணாடியில உருளைக்கிழங்கைத் தேய்ச்சுக்கிட்டு நின்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ முகம். எனக்குச் சொல்றதுக்கு ஒரு வார்த்தை இருந்துச்சு. இறங்குன்னு சொன்னாப் போதும். நான் சொல்வேன்னு நினைச்சேன். அப்ப அவ குனிஞ்சு அவனோட கோணலாச் சேந்த கையை எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டா. நான் பாத்துக்கிட்டு நிக்கும்போதே.

"பிரேக் எப்படி மச்சான்?"னு அவன் கேட்டான்.

"புதுசு மாதிரி இருக்கு மாப்பிள்ளை"ன்னேன்.

பட்டறையில ஒரு தோட்டக் கண்டக்டரோட கார் நின்னுச்சு. அதை எடுத்துக்கிட்டுக் கொஞ்சம் பின்னாடி நானும் போனேன். ஏதாவது ஆனா உதவிக்கு ஆள் வேணுமே. ஊர் எல்லை தாண்டினதும் மழை வலுத்துடுச்சு. தோட்டத்துக்கு நடுவுல ரோடு ஓடைப்பாலத்தை நோக்கி இறங்கித் திரும்பற இடம் இருக்கு, உங்களுக்குத் தெரியும். அவன் அங்க பிரேக்கை மிதிச்சிருப்பான். எனக்கு அவன் வண்டியோட முதுகு மட்டும் தெரிஞ்சது. வேகம் குறையல. பாலத்துக் கட்டையைப் பேத்துக்கிட்டு, ஓடைக்கரையில நின்ன ஒரு பெரிய ரப்பர் மரத்துல போய் மோதுச்சு. நான் தச்ச மேல்துணி கழண்டு, குடை மாதிரி மரத்துல தொங்குச்சு.

நான் இறங்கிப் போனேன். சபாபதி ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவுல நசுங்கிக் கிடந்தான். உயிர் இருந்துச்சு. என்னைப் பாத்ததும் சிரிக்கப் பாத்தான். வாயில இருந்து ரத்தம்தான் வந்துச்சு.

"மச்சான், பிரேக் பிடிக்கல" அப்படின்னான். அப்புறம், "அவளைப் பாருங்க" அப்படின்னான்.

வண்டியைக் கிளப்பற இரும்பு ஹேண்டில் சேத்துல கிடந்துச்சு. எடுத்தேன். கையில ஈரம், அதனால முதல் அடி வழுக்கித் தோள்பட்டையில விழுந்துச்சு. அவன் ஏன்னு கேக்கற மாதிரி என்னைப் பாத்தான். அடுத்ததை நிதானமாப் பாத்துத் தலையில போட்டேன். பிறகும் போட்டேன். தேவைக்கு அதிகமாப் போட்டேன்னு டாக்டர் எழுதியிருக்கார்னு சொன்னீங்க. இருக்கலாம். மழைச் சத்தத்துல அவன் மூச்சு நின்னுச்சா இல்லையான்னு எனக்குக் கேக்கல. வேலையைப் பாதியில விடற பழக்கம் எனக்கு இல்ல.

நிமிர்ந்தப்பத்தான் அங்கம்மாவைப் பாத்தேன். வெளியே தூக்கி எறியப்பட்டு, சேத்துல, கால் ஒண்ணு திரும்பின மாதிரிக் கிடந்தா. கண்ணு திறந்திருந்துச்சு. எல்லாத்தையும் பாத்திருக்கா. நான் பக்கத்துல போகப் போக, அவ முழங்கையை ஊனி ரோட்டுப் பக்கமா ஊர்ந்து போனா. அடிபட்டதுல அவளுக்குத் திசை தெரியலன்னு நினைச்சேன். பின்னாலயே போய்த் திருப்பி என் மடியில போட்டுக்கிட்டேன்.

"நீதானே அண்ணே?"

"மழைம்மா. மழையில ரோடு வழுக்கிடுச்சு."

"சின்னத்தம்பிக்கும் மழையா?"

அவ கத்த ஆரம்பிச்சா. என்னைக் கூப்பிடல. செத்துப் போனவன் பேரைச் சொல்லிக் கத்தினா. மழையில வாயைத் திறந்துக்கிட்டுக் கத்தினாத் தண்ணி உள்ளே போகும், வயித்துப் புள்ளைக்காரிக்கு ஆகாது. அதனால என் உள்ளங்கையால அவ வாயையும் மூக்கையும் மூடினேன். மழை படக் கூடாதேன்னுதான் மூடினேன். மழை விட நேரமாச்சு. விடற வரைக்கும் நான் கையை எடுக்கல.

பாலத்துக்கிட்ட ரப்பர் பால் கொட்டகையில மழைக்கு ஒதுங்கியிருந்த, மரம் வெட்டிப் பால் எடுக்கிற வெள்ளையம்மா பாத்ததா வாக்குமூலம் கொடுத்திருக்கான்னு படிச்சுக் காட்டினீங்க. அந்த அம்மா பொய் சொல்ற ஆள் இல்ல. சபாபதியை நான் அடிச்சது நிஜம். பிரேக்கைக் கெடுத்தது நான்தான். சின்னத்தம்பியோட கண்ணு, இவனோட கை, எல்லாம் நான் செஞ்சதுதான். அவ வண்டியில ஏறினதைப் பாத்துக்கிட்டே விட்டேன், அதையும் எழுதிக்குங்க. அவளைக் கொன்னதும் நான்தான்னு நீங்க எழுதினா, நான் கைநாட்டு வைக்காம இருக்கப் போறதில்ல.

ஒரு இடத்துல மட்டும் வெள்ளையம்மா தப்பாப் புரிஞ்சுக்கிட்டா. அங்கம்மா என் கையைப் பிச்சு எறியப் பாத்தா, கடைசி வரைக்கும் திமிறினான்னு சொல்லியிருக்கா. தூரத்துல இருந்து, அதுவும் மழையில பாத்தவளுக்கு அப்படித்தான் தெரியும். பக்கத்துல இருந்தவன் நான். இந்தச் சட்டைக் கையை மேலே ஏத்தறேன், பாருங்க துரை. அவ நகம் பதிஞ்ச இடம் இன்னும் ஆறல. நடுவுல சதையே பேந்து வந்திருக்கு. அவ்வளவு பலமா என்னைப் பிடிச்சுக்கிட்டா. பாசம் இல்லாதவ ஒருத்தி இப்படிப் பிடிப்பாளா, நீங்களே சொல்லுங்க.